வீட்டு வீடியோக்களுக்கு எந்த எடிட்டிங் மென்பொருள்? படிப்படியாகத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எந்த எடிட்டிங் மென்பொருள் நல்லது என்று யாராவது கேட்டால் நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: எடிட் செய்ய வேண்டிய வீடியோவெல்லாம் இப்போது எங்கே கிடக்கிறது? பலருக்கு உடனே பதில் வராது. கொஞ்சம் போனில், கொஞ்சம் திரை உடைந்த பழைய போனில், கொஞ்சம் 'புதிய ஃபோல்டர் 3' என்ற பெயரில் ஒரு ஹார்ட் டிஸ்கில், மீதி அலமாரியில் டேப்பாக. தேடலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் முதல்முறை தலைகீழாகச் செய்தேன். விளம்பரத்தைப் பார்த்து ஒரு மென்பொருளை இறக்கினேன். மூன்று வாரம் இரவில் கண்விழித்து, குழந்தையின் முதல் ஆண்டை இருபது நிமிடப் படமாகக் கோர்த்தேன். முடிந்த படத்தைத் தனி வீடியோ ஃபைலாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தியபோதுதான் விஷயம் தெரிந்தது: பணம் கட்டாவிட்டால் படத்தின் குறுக்கே மென்பொருளின் பெயர் வாட்டர்மார்க்காக வரும். அதுவரை அந்த மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எடிட் வேலையைச் சேமித்து வைக்கும் அதன் புராஜெக்ட் ஃபைலை வேறு எந்த மென்பொருளும் திறக்கவும் இல்லை. கீழே உள்ள வரிசை அந்த மூன்று வாரத்தில் கற்றது.

படி 1: கையில் இருப்பதைக் கணக்கெடுங்கள்

எல்லாவற்றையும் ஒரே டிஸ்கில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியை நிறுவுங்கள். ஒரு வீடியோவை அதில் இழுத்துப் போட்டால் அதன் ஜாதகமே வந்துவிடும்: எந்த கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை), என்ன ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்), எவ்வளவு பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு தரவு). வகைக்கு ஒன்றாக நாலைந்து ஃபைலைப் பார்த்தால் போதும். பார்க்க வேண்டியவை இவை.

கோடெக் எச்.264 என்றிருந்தால் நிம்மதி, எதுவும் திறக்கும். எச்.265, அதாவது எச்இவிசி, அதைவிடச் சிக்கனமானது. ஐபோன்கள் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் இதில் பதிவு செய்கின்றன. ஐபோன் அமைப்புகளில் ஆப்பிளே தரும் கணக்குப்படி, இந்த முறையில் 1080பி வீடியோ நொடிக்கு 30 ஃப்ரேம் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி; 4கே என்றால் சுமார் 170 எம்பி. அப்படியானால் ஒரு மணி நேர 4கே பத்து ஜிபியைத் தாண்டும். டிஸ்கில் மிச்சப்படுத்திய இடத்துக்கு ஈடாக, எடிட் செய்யும்போது பிராசசர் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும்.

அடுத்து ஃப்ரேம் ரேட் வரிசையில் 'வேரியபிள்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். போன்கள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். வெறுமனே ஓடவிட்டுப் பார்க்கும்போது தெரியாது. எடிட்டிங் மென்பொருளோ சீரான ஃப்ரேமை எதிர்பார்க்கும். விளைவு, பத்து நிமிட கிளிப்பின் கடைசியில் பாட்டி உதட்டை மூடிய பிறகும் பேச்சு கேட்டுக்கொண்டிருக்கும். வீட்டு வீடியோ எடிட் செய்பவர்களை அதிகம் படுத்துவது இதுதான் என்பேன். மருந்தும் எளிது: ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட்' ஃப்ரேம் ரேட்டைத் தேர்ந்து ஒருமுறை மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும். ஷாட்கட் போன்ற எடிட்டிங் மென்பொருள்கள் இத்தகைய ஃபைலைத் திறந்ததும், எடிட்டிங்குக்கு ஏற்றபடி மாற்றட்டுமா என்று தாமாகவே கேட்கும்.

மூன்றாவது எச்டிஆர், அதாவது வெளிச்சத்தையும் நிழலையும் வழக்கத்தைவிட விரிவாகப் பதியும் முறை. 2020-இல் வந்த ஐபோன் 12 முதல் வீடியோ எச்டிஆரில் பதிவாகிறது. போனில் பளிச்சென்று தெரியும் அதே காட்சி, எச்டிஆரைச் சரியாகக் கையாளாத மென்பொருளில் வெளிறிப்போய், பால் ஊற்றியதுபோல் வரும். எடுத்தவற்றை எச்டிஆர் தெரிந்த மென்பொருளில்தான் சரிசெய்ய வேண்டும். இனி எடுப்பவற்றுக்கு, போனின் கேமரா அமைப்பில் எச்டிஆரை அணைத்து வைத்தால் தொல்லை இல்லை.

பழைய கேம்கார்டர் இருந்தால் கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும். சோனியும் பானசோனிக்கும் 2006-இல் கொண்டுவந்த ஏவிசிஎச்டி முறையில் பதிவான கார்டுகளில், எம்டிஎஸ் என்று முடியும் ஃபைல்கள் பல அடுக்கு ஃபோல்டர்களுக்குள் இருக்கும். அந்த ஃபைல்களை மட்டும் உருவி எடுக்காதீர்கள். கார்டில் உள்ள ஃபோல்டர் அமைப்பை அப்படியே நகலெடுங்கள். நீளமான பதிவுகளைக் கேமரா துண்டு துண்டாகத்தான் சேமித்திருக்கும். அவற்றைத் தையல் தெரியாமல் ஒட்டும் விவரம் அந்த ஃபோல்டர்களில்தான் இருக்கிறது. இவற்றில் பல இன்டர்லேஸ் முறையில், அதாவது படத்தின் ஒற்றைப்படைக் கோடுகளும் இரட்டைப்படைக் கோடுகளும் மாறி மாறிப் பதிவானவை என்பதால், கை வீசி நடக்கும் இடத்தில் சீப்புப் பல்லைப் போலக் கோடுகள் தெரியும். அதை நீக்கும் டீஇன்டர்லேஸ் வசதி நீங்கள் தேர்ந்தெடுக்கும் மென்பொருளில் இருந்தாக வேண்டும்.

மினி டிவி டேப் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜிபி. ஃபைல் பெரியது, ஆனால் கணினிக்கு இலகுவானது. ஏனென்றால் அதில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டிருக்கிறது. விஎச்எஸ் டேப்பை முதலில் டிஜிட்டலாக மாற்ற வேண்டும். அது எடிட்டிங் மென்பொருளின் வேலையே இல்லை. அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

படி 2: உங்கள் கணினியைப் பற்றி உண்மையை ஒப்புக்கொள்ளுங்கள்

மென்பொருள் நிறுவனங்கள் போடும் 'குறைந்தபட்சத் தேவை' என்பது மென்பொருள் திறக்கும் என்பதற்கான உத்தரவாதம் மட்டுமே. வேலை செய்ய முடியுமா என்பது வேறு கணக்கு. 8 ஜிபி ராம் இருந்தால் 1080பி வீடியோவை எளிய மென்பொருளில் வெட்டி ஒட்டலாம். 4கே என்றால் 16 ஜிபி இருப்பது நல்லது.

பிராசசரின் வயதும் முக்கியம். எச்.265 வீடியோவை விரிக்கும் வேலையைச் சில்லே நேரடியாகச் செய்தால் டைம்லைன் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டை) வழுக்கிக்கொண்டு ஓடும். மென்பொருளின் தலையில் விழுந்தால் திக்கித் திணறும். இன்டெல்லில் ஏழாம் தலைமுறையில்தான் 10-பிட் எச்.265-ஐ நேரடியாக விரிக்கும் வசதி வந்தது. உங்கள் லேப்டாப் அதற்கு முந்தையது என்றால் பயப்பட வேண்டாம், ப்ராக்ஸி என்ற வழி இருக்கிறது. மென்பொருள் ஒவ்வொரு கிளிப்புக்கும் சிறிய, இலகுவான நகல் ஒன்றை உருவாக்கும். நீங்கள் அந்த நகலை வைத்து எடிட் செய்வீர்கள். எக்ஸ்போர்ட்டின்போது அசல் ஃபைல் வந்து உட்கார்ந்துகொள்ளும். டாவின்சி ரிசால்வ், கேடென்லைவ், ஷாட்கட் மூன்றிலும் இந்த வசதி இலவசம். பழைய கணினி வைத்திருப்பவர்கள் ப்ராக்ஸி இல்லாத மென்பொருளைப் பட்டியலிலிருந்து இப்போதே அடித்துவிடலாம்.

டிஸ்கில் காலியிடம் எவ்வளவு வேண்டும்? அசல் வீடியோக்களின் மொத்த அளவைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்கிறேன். இதுவரை போதாமல் போனதில்லை.

படி 3: என்ன செய்யப் போகிறீர்கள்?

ஆரம்பத்தையும் முடிவையும் நறுக்கினால் போதும் என்றால் எடிட்டிங் மென்பொருளே தேவையில்லை. லாஸ்லெஸ்கட் என்ற சிறிய இலவசக் கருவி, வீடியோவை மறுபடி சுருக்காமல், தரம் ஒரு துளியும் குறையாமல், சில நொடிகளில் நறுக்கித் தந்துவிடும். ஒரு சிறு குறை உண்டு: கீஃப்ரேம் (முழுப் படமாகச் சேமிக்கப்பட்ட ஃப்ரேம்) இருக்கும் இடத்தில்தான் சுத்தமாக வெட்டும், அதனால் நீங்கள் குறித்த இடத்திலிருந்து கொஞ்சம் முன்னே பின்னே போகலாம். பேட்டியும் மேடைப் பேச்சும் என்றால் இது ஒரு பொருட்டே அல்ல.

நாற்பது கிளிப்பைக் கோர்த்து, பாட்டு சேர்த்து, தலைப்பு போட்டுப் பத்து நிமிடப் படமாக்குவதுதான் பெரும்பாலோரின் தேவை. அதற்குத் தேவையானது மிகக் கொஞ்சம்: வெட்டுதல், இடம் மாற்றுதல், இரண்டு வீடியோ ட்ராக், இரண்டு மூன்று ஆடியோ ட்ராக், நிறத்தையும் வெளிச்சத்தையும் சற்றுத் திருத்துதல், கை நடுக்கத்தைக் குறைத்தல். ஐந்நூறு டிரான்சிஷன், ஆயிரம் எஃபெக்ட் என்று பெட்டியின் மேல் எழுதியிருப்பதையெல்லாம் பார்க்கவே வேண்டாம். பக்கம் புரள்வது போன்ற டிரான்சிஷனை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு எல்லோரும் நிறுத்திவிடுவார்கள்.

ஒலியில் கொஞ்சம் கறாராக இருங்கள். காட்சி கொஞ்சம் ஆடினாலும் வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள். தாத்தா பேசியது காற்றிரைச்சலில் கேட்கவில்லை என்றால் படம் போட்டதே வீண். இரைச்சல் குறைக்கும் வசதி, ஒவ்வொரு கிளிப்பின் ஒலியளவையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். மென்பொருளில் இல்லாவிட்டால் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் ஒலியை மட்டும் சுத்தம் செய்து திரும்பக் கொண்டுவரலாம்.

படி 4: பட்டியலை இரண்டாகச் சுருக்குங்கள்

மேக், ஐபோன், ஐபேட் வைத்திருப்பவர்கள் ஐமூவியில் தொடங்குவதே நியாயம். 1999 முதல் இருக்கிறது, இலவசம், வாட்டர்மார்க் இல்லை. அதற்குச் சில பிடிவாதங்கள் உண்டு. டைம்லைனில் முதலில் போடும் கிளிப்பை வைத்தே படத்தின் அளவையும் ஃப்ரேம் ரேட்டையும் முடிவு செய்துகொள்ளும். அதனால் முதலில் உங்கள் நல்ல 4கே கிளிப்பைப் போடுங்கள். வேண்டாமென்றால் அப்புறம் நீக்கிவிடலாம். மேக்கில் படம் அகலவாக்கில்தான் வரும். போனை நிமிர்த்தி எடுத்த வீடியோவே அதிகம் என்றால் இது உங்களுக்கு ஒத்துவராது. படங்களைச் சேர்த்தால் தானாகவே அவற்றின் மேல் கேமரா நகர்வதுபோல் செய்யும். முதல் நான்கு படத்துக்கு அழகு, ஐந்தாவதில் தலை சுற்றும்.

விண்டோஸ் 11-இல் கிளிப்சாம்ப் கூடவே வருகிறது. மைக்ரோசாஃப்ட் 2021-இல் வாங்கிய நிறுவனம் அது. இலவசமாக 1080பி வரை வாட்டர்மார்க் இல்லாமல் எக்ஸ்போர்ட் செய்யலாம்; 4கே வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும். முதல் படம் எடுப்பவருக்குப் போதும். ஆனால் இரண்டு மணி நேர ஃபுட்டேஜை இதில் கொட்டி வேலை செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் கட்டற்ற மென்பொருள்களில் கேடென்லைவும் ஷாட்கட்டும் முன்னணியில் நிற்கின்றன. இரண்டுக்கும் அடித்தளம் எம்எல்டி என்ற ஒரே இயந்திரம். ஷாட்கட்டின் முகப்பு கொஞ்சம் விசித்திரமானது. ஒரு எஃபெக்டைச் சேர்க்க 'ஃபில்டர்' என்ற இடத்துக்குப் போக வேண்டும் என்று பிடிபட ஒரு நாள் ஆகும். கேடென்லைவ் வழக்கமான எடிட்டிங் மேசையைப் போல இருக்கும். என் ஓட்டு கேடென்லைவுக்கு. இரண்டிலுமே புராஜெக்ட் ஃபைல் சாதாரண எழுத்துக் கோப்பாகச் சேமிக்கப்படுவது, பத்து வருடம் கழித்துத் திறக்க நினைப்பவர்களுக்கு ஒரு தைரியம்.

அடுத்து டாவின்சி ரிசால்வ். பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனத்துடையது. திரைப்படங்களுக்கு நிறம் திருத்தப் பயன்படும் அதே மென்பொருளின் இலவசப் பதிப்பு. நொடிக்கு 60 ஃப்ரேம் வரை 4கே அல்ட்ரா எச்டியில் வாட்டர்மார்க் இல்லாமல் எக்ஸ்போர்ட் செய்யலாம். இவ்வளவும் இலவசமா என்று சந்தேகம் வரும், ஆமாம், இலவசம்தான். விலையை உங்கள் கணினியும் பொறுமையும் கொடுக்கும். 16 ஜிபி ராமும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். ஏழு பக்கங்கள் கொண்ட முகப்பில் 'கட்' அல்லது 'எடிட்', 'கலர்', 'டெலிவர்' ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டால் ஒரு வார இறுதியில் கற்றுவிடலாம். ஒரு எச்சரிக்கை: புராஜெக்டின் ஃப்ரேம் ரேட்டை ஆரம்பத்திலேயே சரியாக வைத்துவிடுங்கள். கிளிப் உள்ளே வந்த பிறகு அது பூட்டிக்கொள்ளும்.

பணம் கொடுத்து வாங்குபவற்றில் ஃபைனல் கட் புரோ ஆப்பிளின் மேக்கிலும் ஐபேடிலும் மட்டும் ஓடும். அடோபி பிரீமியர் புரோ சந்தா முறையில்தான் கிடைக்கும். ஃபில்மோரா, பவர்டைரக்டர் இரண்டும் பழகுவதற்கு எளியவை. வருடத்துக்கு இரண்டு படம் எடுப்பவருக்குச் சந்தா எதற்கு என்பதுதான் என் கேள்வி. சந்தா நின்றால் மென்பொருளும் நிற்கும், பழைய புராஜெக்டைத் திறக்கவும் மீண்டும் பணம் கட்ட வேண்டும். போனில் கேப்கட் வேகமானது, பலருக்குப் பிடித்தது. ஆனால் எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை. குடும்ப வீடியோவை எந்தச் செயலியில் ஏற்றுவதாக இருந்தாலும் அதன் விதிமுறைகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

சரி, இவற்றில் இரண்டை மட்டும் நிறுவுங்கள். மூன்றாவதை நிறுவினால் ஒப்பிட்டுக்கொண்டேதான் இருப்பீர்கள்.

படி 5: ஒரே மூன்று நிமிடப் படத்தை இரண்டிலும் செய்து பாருங்கள்

மதிப்புரைகளைவிட இந்த ஒரு மாலை நேரச் சோதனை அதிகம் சொல்லும். வகைக்கு ஒன்றாக ஆறேழு கிளிப் எடுங்கள்: போனில் நிமிர்த்தி எடுத்தது ஒன்று, படுக்கவைத்து எடுத்தது ஒன்று, கேமரா ஃபைல் ஒன்று, மெசேஜில் வந்த தரம் குறைந்த வீடியோ ஒன்று, இரண்டு புகைப்படம், அதோடு பத்து நிமிடத்துக்குக் குறையாத ஒரு நீளமான பதிவு. அந்த நீளப் பதிவின் கடைசி அரை நிமிடத்தைப் படத்தில் வையுங்கள். உதடும் பேச்சும் பிரிவது அங்கேதான் தெரியும். இரண்டு நிமிட கிளிப்பில் எல்லா மென்பொருளும் நல்ல பிள்ளைதான்.

அப்புறம் தமிழில் ஒரு தலைப்பு போடுங்கள். வேற்றுமொழி மதிப்புரைகளில் இந்தச் சோதனையைப் பார்க்க முடியாது. 'கொலு பொம்மை', 'ஸ்ரீ', 'கௌரி', 'க்ஷணம்' என்று அடித்துப் பாருங்கள். தமிழில் 'கொ' என்ற எழுத்தில் மெய்க்குப் பிறகு சேமிக்கப்படும் கொம்பு, திரையில் மெய்க்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத மென்பொருளில் கொம்பு இடம் மாறும், காலுக்குப் பக்கத்தில் புள்ளி வட்டம் முளைக்கும். பிரீமியர் புரோவில் தெற்காசிய எழுத்துகளுக்கான தனி அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். கேடென்லைவில் எனக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை. எழுத்து ஒவ்வொன்றாகத் தட்டச்சாவது போன்ற அனிமேஷனைத் தமிழுக்குப் போடாதீர்கள். முதலில் 'க' வந்து, அது திடீரென்று 'கொ' ஆகிக் குதிக்கும். எழுத்து இடைவெளியைக் கூட்டினாலும் கொம்பு தனியே கழன்று நிற்கும். மற்றதெல்லாம் பிடித்து இது மட்டும் உதைக்கிறது என்றால், தலைப்பை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, பின்புலம் இல்லாத பிஎன்ஜி படமாக்கி டைம்லைனில் வைத்துவிடலாம். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருக்கள் இதற்குப் போதும்.

சோதனையின் கடைசிப் பகுதிதான் முக்கியம்: எக்ஸ்போர்ட் செய்யுங்கள். வாட்டர்மார்க் வருகிறதா, கணக்குத் திறக்கச் சொல்கிறதா, 1080பி-க்கு மேல் பூட்டியிருக்கிறதா எல்லாம் அங்கே வெளியே வந்துவிடும். வந்த ஃபைலைக் கணினியில் பார்த்துத் திருப்திப்படாமல் பென் டிரைவில் போட்டு டிவியில் ஓடவிடுங்கள். பிறகு மென்பொருளை மூடி, மறுநாள் புராஜெக்டைத் திறந்து ஒரு தலைப்பை மாற்றிப் பாருங்கள். மறுநாள் திறக்கும்போது எது எங்கே இருக்கிறது என்று தேடாமல் கை போகிறதா? அந்த மென்பொருளை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை நீக்குங்கள்.

படி 6: முதல் உண்மையான படம்

ஒரு படத்துக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் வீடியோ, புகைப்படம், ஒலி, எக்ஸ்போர்ட் என்று நான்கு. வேலை தொடங்கிய பிறகு ஃபைல்களின் பெயரையோ இடத்தையோ மாற்றாதீர்கள். புராஜெக்ட் ஃபைலுக்குள் வீடியோ இருக்காது, அது இருக்கும் முகவரி மட்டுமே இருக்கும். வீட்டைக் காலி செய்துவிட்டால் தபால்காரர் என்ன செய்வார்?

ஃப்ரேம் ரேட்டுக்கு, பெரும்பாலான கிளிப்புகள் எதில் இருக்கின்றனவோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். 29.97-ம் 30-ம் ஒன்றுதானே என்று தோன்றும். ஒலியைத் தனியாகப் பதிவு செய்து ஒட்டும்போது இந்த இரண்டும் குழம்பினால் ஒரு மணி நேரத்தில் மூன்றரை நொடி விலகிவிடும்.

எக்ஸ்போர்ட் அமைப்பில் நூறு தெரிவுகள் இருக்கும். எம்பி4, எச்.264, அசல் ஃப்ரேம் ரேட், 1080பி-க்கு 8 முதல் 12 எம்பிபிஎஸ் (நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற பிட்ரேட் அளவு). யூடியூப் 1080பி, 30 ஃப்ரேம் வீடியோவுக்குச் சொல்வது 8. 4கே-க்கு 35 முதல் 45. எட்டு எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு ஒரு எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி. பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். யூடியூபில் போடுவதாக இருந்தால் சினிமாப் பாட்டைத் தவிர்ப்பது நல்லது. வீட்டுக்குள் மட்டும் பார்ப்பதற்கு யார் கேட்கப் போகிறார்கள்.

படி 7: எதைப் பத்திரப்படுத்துவது

விண்டோஸ் மூவி மேக்கர் 2000-இல் வந்தது. உலகெங்கும் வீடுகளில் முதல் எடிட்டிங் பாடம் அதில்தான் நடந்தது. 2017 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு அதன் புராஜெக்ட் ஃபைல்களை மட்டும் வைத்திருந்தவர்களிடம் மிஞ்சியது திறக்க வழியில்லாத சில சின்ன ஃபைல்கள். எக்ஸ்போர்ட் செய்து வைத்தவர்களின் படம் இன்றும் ஓடுகிறது. உங்கள் மென்பொருளுக்கும் ஒருநாள் இது நடக்கும் என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

அதனால் படம் முடிந்ததும் இரண்டு முறை எக்ஸ்போர்ட் செய்கிறேன். ஒன்று அனுப்புவதற்கான சிறியது. இன்னொன்று, பிட்ரேட்டை மூன்று மடங்காக ஏற்றி, இருப்பில் வைப்பதற்கான பெரியது. அசல் கிளிப்புகளையும் வைத்திருக்கிறேன். படத்தில் சேராத கிளிப்பைத்தான் பின்னாளில் எல்லோரும் கேட்கிறார்கள். ரிசால்வில் புராஜெக்ட் தனி ஃபைலாக இல்லாமல் அதன் தரவுத்தளத்துக்குள் இருக்கும். 'ஆர்க்கைவ்' கட்டளையில் வீடியோக்களோடு சேர்த்து ஒரே ஃபோல்டராக வெளியே எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் இரண்டாவது டிஸ்கில் ஒரு நகல், அந்த டிஸ்க் வேறொரு வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. தங்கையின் வீட்டு அலமாரியில் என்னுடையது இருக்கிறது. போகும்போதெல்லாம் மாற்றி வைத்துவிட்டு வருகிறேன், அவள் அதிலிருக்கும் படங்களைப் பார்த்துக்கொள்கிறாள்.